ஐடா வெல்ஸும் இரண்டாவது வார்டுப் பெண்களும்

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிவிட்டால் நம் ஊர்களில் ஓட்டுக் கணக்குப் போடாத திண்ணை இருக்காது. ஊர்த்தெருவில் எத்தனை, காலனியில் எத்தனை, வெளியூர் வேலைக்குப் போனவர்களில் ஓட்டுப் போட வருகிறவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணுவோம். பத்து ஓட்டில் தோற்றவரையும் ஒரே ஓட்டில் வென்றவரையும் நமக்குத் தெரியும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 1914இல் அப்படி ஒரு வார்டுக் கணக்கு நடந்தது. இரண்டாவது வார்டில் நின்ற கறுப்பின வேட்பாளர் 167 வாக்குகளில் தோற்றுப்போனார். ஆனால் அந்த எண்ணிக்கையைப் பார்த்துக் கலங்கியவர்கள் வென்ற கட்சிக்காரர்கள். அதுவரை கணக்கிலேயே இல்லாத கறுப்பினப் பெண்கள் ஒரு மன்றம் வைத்து, வீடு வீடாகப் படியேறி, தங்கள் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அந்த மன்றத்தைத் தொடங்கியவர் ஐடா பி. வெல்ஸ். கும்பல் கொலைகளுக்கு எதிராகப் பேனா பிடித்தவர் என்று உலகம் அவரை அறியும். ஒரு வார்டில் பெண்களைத் திரட்டிய ஐடாவை அறிந்தவர்கள் குறைவு. நம் ஊர்களில் அரசியல் செய்ய நினைக்கும் பெண்களுக்கு இந்த ஐடாதான் அதிகம் தேவைப்படுவார்.

அப்பாவின் ஓட்டு

1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஐடா பிறந்தார். பிறக்கும்போது அவர் இன்னொருவரின் உடைமை. அப்பா ஜேம்ஸ் வெல்ஸ் தச்சர். அம்மா எலிசபெத் சமையல்காரர். இருவருமே அடிமைகள். ஐடாவுக்கு மூன்று வயது நிறையும் முன்பே உள்நாட்டுப் போர் முடிந்தது. 1865இல் அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

அந்த விடுதலை நம் நாட்டிலும் கேட்டது. 1873இல் மராட்டியத்தில் ஜோதிராவ் புலே தமது குலாம்கிரி நூலை, கறுப்பின அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அப்போது ஐடா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமி.

விடுதலைக்குப் பிறகு ஜேம்ஸ் வெல்ஸ் தமது பழைய முதலாளியிடமே கூலிக்குத் தச்சு வேலை செய்தார். தெற்கு மாநிலங்களில் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு கிடைத்ததும், தான் சொல்கிற கட்சிக்கே ஓட்டுப் போட வேண்டும் என்று முதலாளி எதிர்பார்த்தார். ஜேம்ஸ் அதற்கு இணங்காமல் தமக்குப் பிடித்தபடி ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினார். வந்து பார்த்தால் பட்டறை பூட்டிக் கிடந்தது. அவர் யாரிடமும் கெஞ்சவில்லை. கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாக உளி, சுத்தியல், இழைப்புளி எல்லாம் வாங்கினார். வேறு வீடு வாடகைக்குப் பிடித்துக் குடும்பத்தை அங்கே கூட்டிப்போனார். ஐடா தமது தன்வரலாற்றில் இதை எழுதி வைத்திருக்கிறார். ஓட்டுக்காக வேலை போகும், வீடு போகும் என்பதும், போனாலும் பிழைக்க முடியும் என்பதும் அவருக்கு வீட்டிலேயே தெரிந்துவிட்டது. அம்மா எலிசபெத்தோ எழுதப் படிக்கக் கற்பதற்காகப் பிள்ளைகளோடு தாமும் பள்ளிக்கூடம் போய் உட்கார்ந்தவர்.

1878இல் மஞ்சள் காய்ச்சல் அந்தப் பகுதியைச் சூறையாடியது. அப்பா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பி ஆகிய மூவரும் இறந்தார்கள். ஐடாவுக்கு 16 வயது. மிச்சமிருந்த ஐந்து தம்பி தங்கைகளை ஆளுக்கு ஒரு வீட்டில் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று அப்பாவின் நண்பர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். முதுகெலும்பு நோயால் நடக்க முடியாத தங்கையை ஏழைகள் விடுதிக்கு அனுப்புவது என்றும் பேச்சு. ஐடா ஒப்புக்கொள்ளவில்லை. பாவாடையைக் கீழே இறக்கித் தைத்து வயதானவர்போல் காட்டிக்கொண்டு, ஆசிரியர் தேர்வு எழுதித் தேறினார். ஆறு மைல் தள்ளியிருந்த பள்ளியில் மாதம் 25 டாலர் சம்பளம். கோவேறு கழுதையில் போய் வந்தார்.

ரயில் பெட்டியிலிருந்து பத்திரிகைக்கு

பின்பு ஐடா டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். 1883இல் ஒரு நாள் ரயிலில் பெண்களுக்கான பெட்டியில் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தார். கறுப்பர்கள் முன்னால் இருக்கும் புகை பிடிக்கும் பெட்டிக்குப் போக வேண்டும் என்றார் நடத்துநர். ஐடா எழுந்திருக்க மறுத்தார். நடத்துநர் இழுத்தபோது அவர் கையைக் கடித்தார். கடைசியில் மூன்று ஆண்கள் சேர்ந்து இழுத்தார்கள். மற்றப் பயணிகள் கைதட்டினார்கள். ஐடா வழக்குப் போட்டார். 1884இல் கீழ் நீதிமன்றம் 500 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வழக்குச் செலவையும் அவர் தலையில் கட்டியது. சட்டத்தை நம்பிப் போனவருக்கு அது பெரிய அடி.

எழுத்தை அவர் கையில் எடுத்தது இந்தக் காலத்தில்தான். 1889இல் மெம்பிஸில் ஃப்ரீ ஸ்பீச் என்ற பத்திரிகையின் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று எழுதியதற்காக 1891இல் ஆசிரியர் வேலை பறிபோனது.

அடுத்த ஆண்டு நடந்தது அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. மெம்பிஸ் ஓரத்தில் ஐடாவின் நண்பர் தாமஸ் மாஸ் வேறு சிலரோடு கூட்டாக ஒரு மளிகைக் கடை நடத்தினார். அவர் தபால்காரரும்கூட. அவருடைய மகளுக்கு ஐடா ஞானத்தாய். எதிரில் கடை வைத்திருந்த வெள்ளையருக்கு வியாபாரம் குறைந்தது. தகராறு கிளம்பியது. இரவில் ஆயுதத்தோடு கடைக்குள் நுழைந்தவர்களைக் காவலுக்கு இருந்தவர்கள் சுட்டார்கள். தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டீவர்ட் மூவரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1892 மார்ச் 9 அன்று ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து, மூவரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றது. யாருக்கும் தண்டனை இல்லை.

கறுப்பினத்தார் மெம்பிஸை விட்டு வெளியேறட்டும் என்று ஐடா எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மேற்கே புறப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள். வருமானம் விழுந்ததும் டிராம் கம்பெனிக்காரர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்து, திரும்ப ஏறச் சொல்லி எழுதுமாறு கேட்டார்கள். கூட்டமாகச் சேர்ந்து கையை விலக்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை அவர் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

பிறகு அவர் கும்பல் கொலைகளை ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினார். வெள்ளையினப் பெண்ணைக் கெடுத்தான், அதனால் கொன்றோம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணம். வெள்ளையரின் பத்திரிகைகள் வெளியிட்ட கணக்கையே எடுத்து ஐடா பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு கொலைகளில்தான் அந்தக் குற்றச்சாட்டாவது இருந்தது. அதிலும் பல, இருவரும் விரும்பிப் பழகிய உறவுகள். ஆணவக் கொலைகளையும், அவற்றுக்குச் சொல்லப்படும் காரணங்களையும் கேட்டுப் பழகிய நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. இதை அவர் அச்சில் எழுதியதும், 1892 மே மாதம் ஒரு கும்பல் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை உடைத்து நொறுக்கியது. ஐடா அப்போது ஊரில் இல்லை. திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்று செய்தி வந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகள் அவர் தெற்கே போகவில்லை.

பெண்கள் கூடிய இடம்

ஊரையும் பத்திரிகையையும் இழந்து நியூயார்க்கில் நின்ற ஐடாவைத் தாங்கிப் பிடித்தவர்கள் பெண்கள். 1892 அக்டோபர் 5 அன்று நியூயார்க், புரூக்ளின் பகுதிகளின் கறுப்பினப் பெண்கள் ஒரு மண்டபத்தில் கூடி, சுமார் 500 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் கும்பல் கொலைகள் பற்றிய அவருடைய முதல் சிறுநூல் அச்சானது. அந்தக் கூட்டத்தின் தூண்டுதலில் பல நகரங்களில் கறுப்பினப் பெண்கள் மன்றங்கள் முளைத்தன.

அமெரிக்காவில் இவற்றுக்கு கிளப் என்று பெயர். கிளப் என்றால் நமக்குச் சீட்டாட்டமும் பணக்காரர்களின் பொழுதுபோக்கும் நினைவுக்கு வரும். இவை அப்படிப்பட்டவை அல்ல. ஆசிரியைகள், தையல் வேலை செய்தவர்கள், வீட்டு வேலைக்குப் போனவர்கள், கடைக்காரர்களின் மனைவிமார் என்று பலரும் சேர்ந்து காசு போட்டு நடத்தியவை. சிகாகோவில் 1893இல் ஐடா பெயரிலேயே ஒரு பெண்கள் மன்றம் எழுந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கு மழலையர் பள்ளி தொடங்கியது அந்த மன்றம். 1895இல் ஐடா, வழக்கறிஞரும் பத்திரிகையாளருமான ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்து சிகாகோவிலேயே குடியமர்ந்தார். தமது பெயரை விடாமல் கணவர் பெயரையும் சேர்த்து வெல்ஸ் பார்னெட் ஆனார். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டே கூட்டங்களுக்குப் போனார்.

1909இல் இலினாய் மாநிலத்தின் தென்கோடியில் கெய்ரோ என்ற ஊரில் ஒரு கறுப்பினத்தவரைக் கும்பல் கொன்றது. காவலில் உள்ளவரைக் கும்பலிடம் பறிகொடுக்கும் காவல் தலைவர் பதவி இழப்பார் என்று மாநிலத்தில் சட்டம் இருந்தது. அந்த அதிகாரி தமது பதவியைத் திரும்பக் கேட்டார். எதிர்த்து வாதாட யாரும் முன்வரவில்லை. களைத்துப் போயிருந்த ஐடாவும் தயங்கினார். அவரைப் போகச் சொல்லி எழுப்பியது மூத்த மகன்; அவனுக்கு அப்போது 13 வயது. ஐடா கெய்ரோ போய், மக்களிடம் உண்மைகளைத் திரட்டி, ஆளுநர் முன் வழக்கறிஞர்களுக்கு எதிராக நின்று பேசினார். ஆளுநர் அந்த அதிகாரிக்குப் பதவி தர மறுத்தார். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, அதைக் கேட்டு நிற்க ஆள் வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

அதே 1909இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் உருவாக அழைப்பு விடுத்தவர்களில் ஐடாவும் ஒருவர். அந்தச் சங்கத்தின் இன்னொரு முன்னோடி டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். இவருக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபையிடம் கொடுத்த மனுவைப் பற்றி அதில் கேட்டிருந்தார்.

பின்வரிசைக்குப் போக மறுத்தவர்

1910 கணக்குப்படி சிகாகோவில் கறுப்பினத்தார் சுமார் 44,000 பேர். நகர மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு. தெற்கிலிருந்து பிழைக்க வந்த இவர்கள் நகரத்தின் தென்பகுதியில் ஒதுங்கி வாழ்ந்தார்கள். இரண்டாவது வார்டில் அவர்கள் பெருந்திரளாக இருந்தும், நகர மன்றத்தில் ஒரு கறுப்பினக் கவுன்சிலர்கூட அதுவரை உட்கார்ந்ததில்லை. கட்சியின் வெள்ளையினத் தலைவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஐடா 1910இல் அந்தப் பகுதியின் ஸ்டேட் தெருவில் ஒரு வாசகசாலை தொடங்கினார். ஊரிலிருந்து புதிதாக வரும் இளைஞர்களுக்குப் படுக்க இடம், படிக்கப் பத்திரிகை, தேட வேலை. 1913இல் நன்னடத்தை அலுவலர் வேலை கிடைத்தபோது, அந்தச் சம்பளத்தையும் வாசகசாலைக்கே செலவழித்தார்.

இலினாய் பெண்களுக்கு வாக்குரிமை வரும் என்ற பேச்சு அந்த நேரத்தில் வலுத்தது. வெள்ளையினப் பெண்களின் வாக்குரிமைச் சங்கங்கள் கறுப்பினப் பெண்களை அருகில் சேர்க்கவில்லை. கறுப்பினப் பெண்களிலும் பலர் ஓட்டில் ஆர்வம் காட்டவில்லை. இந்த நிலையில் 1913 ஜனவரி 30 அன்று ஐடா, பெல் ஸ்குவயர், வர்ஜீனியா புரூக்ஸ் என்ற இரண்டு வெள்ளையினத் தோழியரின் துணையோடு ஆல்ஃபா வாக்குரிமை மன்றத்தைத் தொடங்கினார். சிகாகோவில் கறுப்பினப் பெண்களுக்கான முதல் வாக்குரிமை மன்றம் அது.

மன்றம் செய்த முதல் வேலைகளில் ஒன்று, காசு திரட்டித் தங்கள் தலைவியைத் தலைநகர் வாஷிங்டனுக்கு அனுப்பியது. புதிய குடியரசுத் தலைவர் வில்சன் பதவியேற்பதற்கு முதல் நாள், 1913 மார்ச் 3 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு அங்கே பேரணி. நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் வந்திருந்தார்கள். இலினாய் அணியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். புறப்படும் முன், கறுப்பினப் பெண்கள் தங்கள் மாநில அணியோடு வரக் கூடாது, கடைசியில் தனியாக வர வேண்டும் என்று சொல்லப்பட்டது. தெற்கு மாநிலத்து வெள்ளையினப் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பது காரணம்.

பெண்ணுக்குச் சம உரிமை கேட்டுப் போகும் ஊர்வலத்திலேயே இந்தக் கடைசிப் பந்தி. இலினாய் அணியோடு நடப்பேன், இல்லையென்றால் நடக்கவே மாட்டேன் என்று ஐடா சொல்லிவிட்டார். பிறகு ஆளைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தார்கள். ஊர்வலம் நகரத் தொடங்கியதும் சாலையோரக் கூட்டத்திலிருந்து இறங்கி வந்து, இலினாய் அணியில் ஸ்குவயருக்கும் புரூக்ஸுக்கும் நடுவே நடந்தார். அந்தப் படம் சிகாகோ பத்திரிகையில் வந்தது.

வீடு வீடாக

1913 ஜூன் 26 அன்று இலினாய் ஆளுநர் சட்டத்தில் கையெழுத்திட்டார். முழு வாக்குரிமை கிடைக்கவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நகராட்சித் தேர்தலிலும் பெண்கள் ஓட்டுப் போடலாம். ஆளுநர், சட்டமன்றத் தேர்தல்களில் முடியாது. அந்தக் கால் பங்கு உரிமையை முழுதாகப் பயன்படுத்துவது என்று ஐடா முடிவெடுத்தார். நகராட்சித் தேர்தல் என்றால் வார்டு. வார்டு என்றால் இரண்டாவது வார்டு.

சட்டம் வந்ததும் ஓட்டு கைக்கு வந்துவிடாது. பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு எங்கே போவது, என்ன கேட்பார்கள், சீட்டில் எப்படிக் குறியிடுவது என்பதெல்லாம் பெண்களுக்குத் தெரிய வேண்டும். மன்றக் கூட்டங்கள் அதற்கான வகுப்புகள் ஆயின. வார்டைத் தெருத் தெருவாகப் பிரித்தார்கள். ஆளுக்குச் சில வீடுகள். வேலை முடிந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டினார்கள்.

கதவைத் திறந்த ஆண்கள் பலர் கேலி செய்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பாருங்கள் என்றார்கள். ஆண்களின் கால்சட்டையை மாட்டிக்கொள்ளப் பார்க்கிறீர்களா என்று நக்கலடித்தார்கள். இவர்களும் கறுப்பினத்தவர்தான், அடிமைகளின் பிள்ளைகள்தான். வெள்ளையினப் பெண்கள் பின்னால் போகச் சொன்னார்கள். சொந்த இனத்து ஆண்கள் வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். மன்றத்துப் பெண்கள் மனம் ஒடிந்து திரும்பினார்கள். இனிப் போக மாட்டோம் என்றவர்களும் உண்டு.

ஐடா அவர்களை மறுபடி அனுப்பினார். இந்தத் தடவை பேச்சை மாற்றச் சொன்னார். பெண்களின் ஓட்டு எதற்கு என்று கேட்கிற ஆணிடம், நகர மன்றத்தில் நம் இனத்து ஆள் ஒருவரை உட்கார வைக்க என்று சொல்லுங்கள் என்றார். அந்தப் பதில் வேலை செய்தது. கேலி செய்த ஆண்கள் காது கொடுத்தார்கள். பெண்களின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் பட்டியலில் ஏறின.

அடுத்து வந்தது 1914 பிப்ரவரி முதற்கட்டத் தேர்தல். கட்சி சார்பில் யார் நிற்பது என்பதையே வாக்காளர்கள் தீர்மானிக்கும் தேர்தல் இது. வார்டைத் தங்கள் கைப்பிடியில் வைத்திருந்த குடியரசுக் கட்சித் தலைவர்கள் வழக்கம்போல வெள்ளையின வேட்பாளரை நிறுத்தினார்கள். அவரை எதிர்த்து வில்லியம் கவன் என்ற கறுப்பினத்தவர் நின்றார். ஆல்ஃபா மன்றம் கவனுக்காக உழைத்தது. தோற்றது 167 வாக்குகளில்.

அந்தக் கணக்கு கட்சித் தலைவர்களுக்கு உறைத்தது. தேர்தல் முடிந்த கையோடு இரண்டு பேரைத் தூதாக மன்றத்துக்கு அனுப்பினார்கள். ஒருவர் வெள்ளையினத்தவரான சாமுவேல் எட்டல்சன். மற்றவர் கறுப்பினத் தலைவர் ஆஸ்கர் டி பிரீஸ்ட். சுயேச்சையாக ஆள் நிறுத்தி ஓட்டைப் பிரிக்காதீர்கள், அடுத்த காலியிடத்தில் கறுப்பினத்தவரையே நிறுத்துகிறோம் என்பது அவர்கள் கொண்டுவந்த உறுதிமொழி. ஆண்டாண்டாக ஆண்கள் ஓட்டுப் போட்டும் கிடைக்காத உறுதிமொழி அது.

விரைவிலேயே வார்டில் ஓர் இடம் காலியானது. 1915 தேர்தலில் தூதாக வந்த டி பிரீஸ்டே வேட்பாளர் ஆனார். மன்றம் தனது வேலையைத் தொடர்ந்தது. சிகாகோ நகர மன்றத்தின் முதல் கறுப்பினக் கவுன்சிலராக டி பிரீஸ்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பெற்ற வாக்குகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெண்களுடையது.

வென்ற பிறகு

டி பிரீஸ்ட் குறையில்லாத தலைவர் அல்ல. 1917இல் லஞ்ச வழக்கில் மாட்டி, விடுதலை பெற்றார். பதவி கிடைத்த ஆண்கள் மன்றத்துப் பெண்களை மறந்ததும் நடந்தது. ஆனால் அந்த வார்டு திறந்த வாசல் மூடவில்லை. 1928இல் அதே டி பிரீஸ்ட் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருபதாம் நூற்றாண்டில் அங்கே தேர்வாகி நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

1920இல் 19ஆவது திருத்தம் நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. ஆனால் தெற்கு மாநிலங்களில் வரி, எழுத்தறிவுத் தேர்வு, மிரட்டல் ஆகியவற்றால் கறுப்பினப் பெண்களும் ஆண்களும் தடுக்கப்பட்டார்கள். 1965 வாக்குரிமைச் சட்டம் வரை அது நீடித்தது. நம் சென்னை மாகாணத்திலும் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது சொத்து ஒரு தகுதியாக வைக்கப்பட்டது. நிலமில்லாத சேரிப் பெண்களில் பெரும்பாலோருக்கு 1952 பொதுத் தேர்தல்தான் முதல் ஓட்டு.

ஐடா ஓயவில்லை. 1919இல் ஆர்கன்சா மாநிலத்தில் கூலி, விளைபொருள் விலைக்காகச் சங்கம் சேர்ந்த கறுப்பினக் குத்தகை விவசாயிகள் மீது பெரும் வன்முறை ஏவப்பட்டது. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தார், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டதும் 12 கறுப்பினத்தாருக்கே. முப்பது ஆண்டுகள் தெற்கே கால் வைக்காத ஐடா, கைதிகளின் உறவுக்காரப் பெண்களில் ஒருவராகச் சிறைக்குள் போய் அவர்களைப் பார்த்தார். விவரங்களைக் கேட்டுச் சிறுநூலாக எழுதினார். பலர் நடத்திய நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் 12 பேரும் விடுதலை ஆனார்கள்.

1930இல், 67 வயதில், இலினாய் மாநில மேலவைக்குத் தாமே வேட்பாளராக நின்று தோற்றார். 1931 மார்ச் 25 அன்று சிகாகோவில் காலமானார். எழுதிக்கொண்டிருந்த தன்வரலாறு ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனது. மகள் ஆல்ஃப்ரெடா அதைச் சீர்செய்து, பதிப்பாளர் தேடி, 1970இல் வெளியிட்டார். 2020இல் பத்திரிகைத் துறையின் புலிட்சர் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது. கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது 2022இல்தான். ஐடா அதைக் கேட்கத் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது.

நம் வார்டுகளில்

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. பட்டியல் சமூகத்தினருக்கும் இட ஒதுக்கீடு உண்டு. தலித் பெண்கள் ஊராட்சித் தலைவர்களாக வந்திருக்கிறார்கள். வந்தவர்களில் சிலர் நாற்காலி மறுக்கப்பட்டுத் தரையில் உட்கார வைக்கப்பட்டார்கள். சிலர் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார்கள். சிலருடைய பதவியைக் கணவரோ ஊர்ப் பெரியவரோ நடத்துகிறார்கள். இவர்களில் பலர் தனியாக நிற்கிறார்கள். இட ஒதுக்கீடு அவர்களை நாற்காலி வரை கொண்டுவந்தது. பின்னால் நிற்க ஒரு மன்றம் இல்லை.

ஐடா செய்தது மறுமுனையிலிருந்து. முதலில் மன்றம், பிறகு பட்டியல், பிறகு வேட்பாளர், கடைசியாகப் பதவி. பதவிக்கு வந்தவர் யார் என்பதைவிட, யாரால் வந்தார் என்பது கட்சிகளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் தூது அனுப்பினார்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களில் வாராவாரம் கூடுகிற பெண்கள் நம் ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறார்கள். நூறு நாள் வேலையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அவர்கள். கூடுகிற பழக்கம் புதிதாக வர வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் வாக்காளர் பட்டியலை வாங்கி வைத்துப் படிக்கலாம். 18 வயது நிறைந்தும் பெயர் சேராத பெண் யார், கல்யாணமாகி வந்து பெயர் மாற்றாதவர் யார், பட்டியலிலிருந்து காரணமில்லாமல் நீக்கப்பட்டவர் யார் என்று தெருவாரியாக எழுதலாம். கல்லூரியில் படிக்கும் தங்கைகளும் தம்பிகளும் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு எத்தனை பெண்கள், எந்தக் கேள்வியோடு போவது என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம்.

இரண்டாவது வார்டுப் பெண்கள் இதைத்தான் செய்தார்கள். முதல் தேர்தலில் தோற்றார்கள். அடுத்த ஆண்டும் அதே தெருக்களில், அதே கதவுகளைத் தட்டினார்கள்.